பங்குதாரர் கேட்ட கேள்வி

இமாசு
ஆகஸ்ட் 20, 1996

அன்புள்ள ஹாருயே,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. டோக்கியோ வெயிலில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? ஏரிக்காற்று அடிக்கிற இந்த ஊரிலேயே மின்விசிறி இல்லாமல் படுக்க முடியவில்லை. அங்கே கேட்கவே வேண்டாம்.

எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். உன் வீட்டுக்காரர் பங்கு விற்கும் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டுச் சொல். ஏரிக்கரையில் தனியாக இருக்கும் ஒரு விதவை பங்கு வாங்கவேண்டுமென்றால் யார் கதவைத் தட்டவேண்டும்? வாங்கினால் கையில் என்ன தருவார்கள்? வாங்கியவளுக்கு அந்தக் கம்பெனியில் என்ன உரிமை?

நான் வாங்க நினைப்பது ஷிரோனாமி. ஆமாம், அதே சலவைத்தூள் ஷிரோனாமிதான். பற்பசை, ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம், இப்போது நாய் குளிப்பாட்டும் சோப்புகூடப் போடுகிறார்களாம். பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பார். விலை ஏறினாலும் இறங்கினாலும் மனிதன் பல் தேய்ப்பதை விடுவானா? வங்கியில் தூங்கும் பணத்துக்கு அவர்கள் தரும் வட்டியில் ஒரு முள்ளங்கி வாங்கலாம், அவ்வளவுதான்.

ரியோஜி அங்கே வேலை பார்க்கிறான் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா மசுயோ


டோக்கியோ
செப்டம்பர் 3, 1996

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகமாகவே இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது வழக்கம்போல் வீம்புக்கு நடக்கிறீர்களா?

கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். தேநீர் புரையேறிவிட்டது. "உங்க அக்காவா? ஷிரோனாமி பங்கா? அந்தம்மா அந்தத் தூள் பெட்டியக் கண்டாலே தெருவோட அந்தப் பக்கம் போறவங்களாச்சே" என்றார். அப்புறம் தொழில் புத்தி வந்து ஒழுங்காகப் பதில் சொன்னார்.

ஆயிரம் பங்கு ஒரு கட்டு. அதற்குக் குறைந்து வாங்க முடியாது. ஓட்சு நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தரகர் அலுவலகம் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் வாங்கினால் உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். லாபத்தில் ஒரு பங்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். கூடவே கம்பெனிச் சரக்கு ஒரு பெட்டி நன்றியாக வீட்டுக்கே வரும். இந்த ஊரில் பாதிப் பெண்கள் அந்தப் பெட்டிக்காகவே பங்கு வாங்குகிறார்கள் என்கிறார் இவர். ஜூன் கடைசியில் டோக்கியோவில் ஆண்டுக் கூட்டம் நடக்கும். ஒரு கட்டு வைத்திருப்பவர் யாரும் போகலாம், கை தூக்கிக் கேள்வியும் கேட்கலாம்.

அக்கா, நான் ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. சலவைத்தூள் நுரை கலந்து ஏரி சிவந்து நாறிய வருஷம் வீடுவீடாகப் போய்த் தூள் பெட்டிகளைப் பிடுங்கி எறிந்தது நீங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேர்த்து சோப்புக் காய்ச்சும் சங்கத்துக்கு இன்றும் தலைவி நீங்கள். பதிமூன்று வருஷத்துக்கு முன் ரியோஜி அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது, "அந்தச் சம்பளத்தோட இந்த வாசப்படி ஏறாதே" என்று சொன்னதும் நீங்கள்தான். அவனும் உங்கள் பிள்ளைதானே, அப்பா இறந்த அன்றைத் தவிர ஏறவே இல்லை. இப்போது திடீரென்று பல் தேய்ப்பதைப் பற்றி எழுதினால் நான் என்ன நினைப்பது?

பதில் போடுங்கள்.
தங்கை ஹாருயே


இமாசு
செப்டம்பர் 29, 1996

அன்புள்ள ஹாருயே,

நான் நலம். ஒத்தடம் கொடுத்தேன், வலி போகவில்லை, வீம்புக்கே நடக்கிறேன். காற்றில் குளிர் தட்ட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கம்பளிகளை வெயிலில் போட்டாயிற்றா?

வாங்கிவிட்டேன். தரகர் அலுவலகத்தில் ஒரு பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, எதிரில் உட்கார்ந்து, "பாட்டிம்மா, வீட்ல மகன் யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றான். "அவனக் கேட்டு நான் எதையும் வாங்குறதில்ல. அவன் என்னக் கேட்டு எதுவும் செய்யறதும் இல்ல" என்றேன். என் பெயர் முத்திரையைக் குத்தச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஹாருயே, இது இத்தனை சுவாரசியமான விஷயம் என்று ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை? காலையில் செய்தித்தாள் வந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போகிறேன். வெயில் கொளுத்திய வாரத்தில் ஷிரோனாமி ஏறியது. வியர்த்தால் ஜனங்கள் அதிகம் துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள். பிறகு புயல் வந்து இறங்கியது. ஈரத்துணி காயாதே, யார் துவைப்பார்கள்? நானே கண்டுபிடித்தேன். சரியா என்று அவரைக் கேள்.

கடைக்குப் போனால் இப்போது நான் சாமான் வாங்குவதில்லை, அலமாரியைப் பார்க்கிறேன். போட்டிக் கம்பெனிப் பெட்டியைக் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டு நம் பெட்டியைக் கால் தட்டில் வைத்திருக்கிறார்கள். நம் பெட்டி என்று எழுதிவிட்டேன், பார். யாரும் கவனிக்காதபோது இரண்டை எடுத்து மேலே வைத்தேன். அந்தச் சமயம் சங்கத்துப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். தேதி பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்துத் திருப்பி வைத்தேன்.

கேள்விகள் நிறைய. பெட்டி முன்பெல்லாம் தலையணை அளவு இருந்ததே, எப்படி இப்போது கைப்பிடிக்குள் வந்துவிட்டது? ஒரு கரண்டித் தூள் போதும் என்கிறார்களே, அப்படியானால் முன்பு போட்டதெல்லாம் என்ன? அந்தக் கம்பெனிக் கட்டடத்தில் எந்தப் பிரிவு எந்த மாடியில் உட்காருகிறது என்று பங்குதாரர் கேட்டால் சொல்லுவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஏரி இறாலும் சோயாவும் சேர்த்து வற்றவைத்த எபிமாமே கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா மசுயோ


டோக்கியோ
நவம்பர் 12, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இவருக்குச் சளி, எனக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது இருவரும் தேறிவிட்டோம். அங்கே முதல் பனி விழுந்ததா?

உங்கள் வெயில், புயல் கணக்கைக் கேட்டு இவர் வாய் பிளந்துவிட்டார். "நான் வேலை பார்த்த எடத்துல கோட் போட்டுக்கிட்டு இதையேதான் சொல்வாங்க, அதுக்குச் சம்பளமும் வாங்குவாங்க" என்றார். மாடி விவரமெல்லாம் பங்குதாரருக்குத் தரமாட்டார்களாம். எனக்கும் தெரியாது.

எபிமாமேக்கு மிகவும் நன்றி. வைத்த இடம் தெரியாமல் ஒரே வேளையில் காலியாகிவிட்டது. இரண்டு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டு, டப்பாவில் ஒட்டியதையும் வழித்துத் தின்று, ஆளே தெம்பாகிவிட்டது.

குளிருக்கு இதமாக இருங்கள்.
தங்கை ஹாருயே


இமாசு
டிசம்பர் 15, 1996

அன்புள்ள ஹாருயே,

பனி விழுந்து கூரை வெளுத்துவிட்டது. நான் நலம். நீங்கள் நலம் என்று நீ எழுதியதை நம்புகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு இறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். நீ குருவி மாதிரி கொத்துபவள். இரண்டு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டு டப்பாவை வழித்துத் தின்றவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். இந்தத் தடவை பெரிய டப்பாவாக அனுப்பியிருக்கிறேன்.

இப்போது என் தலை போகிற கதையைக் கேள். ஷிரோனாமியிலிருந்து பெட்டி வந்தது. நான் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். பார்சல்காரன் என்ன செய்வான்? பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான். பக்கத்து வீடு யார்? நம் சோப்புச் சங்கத்துப் பொருளாளர் கிசாயோ.

அவள் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பக்கமெல்லாம் நீல அலை, மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் பங்குதாரர் அவர்களுக்கு நன்றியுடன்'.

"மசுயோ அக்கா, தப்பா வந்துருச்சு போல. பேரு மட்டும் உங்க பேரா இருக்கு."

"தப்பு இல்ல. எனக்குத்தான்."

"பங்குதாரரா? நீங்களா? இவங்களுக்கா?"

அந்த நேரத்தில் நாக்கில் வந்ததைச் சொன்னேன். "வெளிய நின்னு இத்தன வருஷம் கத்தினோமே கிசாயோ, ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? உள்ள புகுந்தாத்தான் கேக்க முடியும். ஜூன் மாசம் கூட்டத்துல எழுந்து நின்னு கேக்கப் போறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இத நீங்க தனியா, யாருக்கும் சொல்லாம, சொந்தப் பணத்துல செஞ்சீங்களா" என்றாள். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. கிளம்பும்போது பெட்டிக்குள் எட்டிப்பார்த்து, "அந்தச் சின்னப் பொட்டலத்த மட்டும் குடுங்களேன். நம்ம சோப்போட ஒப்பிட்டுப் பாக்கத்தான்" என்றாள். மறுநாள் அவள் கொடியில் படுக்கை விரிப்புகள் பளீரென்று வெளுத்துக் கிடந்தன. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆக, போவதென்று ஆகிவிட்டது. கூட்டத்தில் கம்பெனி ஆட்கள் இருப்பார்களா? எந்தப் பிரிவு ஆட்கள்? உடனே எழுது.

அக்கா மசுயோ


இமாசு
மே 18, 1997

ஹாருயேவுக்கு,

ஐந்து மாதமாக உன் பேனாவுக்கு என்ன வந்தது? புத்தாண்டு அட்டையில் மாட்டு வருஷத்துக்கென்று அச்சடித்த மாட்டுப் படம் கடிதம் ஆகாது. உடம்புக்கு முடியவில்லையா? உன் வீட்டுக்காரருக்கு ஏதுமா? இல்லை, சொல்ல முடியாதது ஏதாவது உன்னிடம் இருக்கிறதா? மூன்றாவதுதான் என்று என் முழங்கால் சொல்கிறது.

சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தூளில் கலக்கும் வாசனைச் சரக்கு ஏரித் தண்ணீரில் போய் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியவேண்டும். வாசித்து வாசித்து மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் உன்னிடம் எதற்கு மூடி மறைப்பது? எனக்கு ரியோஜியைப் பார்க்கவேண்டும். அவன் அப்பா இறந்த அன்று வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டு ஒரு வாய் சோறு தின்னாமல் போனான். வீடு முழுக்கக் கூட்டம், முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. வா என்று எழுதினால் வரமாட்டான். வராமல் போய்விட்டால் அப்புறம் எழுதுவதற்கு எனக்கு வார்த்தை இருக்காது. அந்தப் பயத்தில்தான் எழுதவில்லை. அவன் வேலை செய்யும் இடத்துக்குள் தலை நிமிர்ந்து போக எனக்கு வேறு வழி தெரியவில்லை. பங்குதாரரை வாசலில் நிறுத்த முடியாதல்லவா? முதுகைப் பார்த்தாலும் போதும்.

அக்கா


டோக்கியோ
மே 27, 1997

அன்பு ரியோஜிக்கு,

சித்தி எழுதுகிறேன். இருமல் விட்டதா? போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் நீ வரவில்லை. வேலை என்று தொலைபேசியில் சொன்னாய், நம்பினேன்.

நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போவாய் என்று எழுதுகிறேன். உன் அம்மா உங்கள் கம்பெனியில் ஒரு கட்டுப் பங்கு வாங்கியிருக்கிறாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறாள். எழுந்து கேள்வி கேட்கப் போகிறாள். சங்கத்தின் கேள்வி ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் அவள் வருவது உன்னைப் பார்க்க. நீ இங்கே சாப்பிட வருவதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். அந்த வாக்கைக் காப்பாற்ற அவளுக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். பொய் எழுத எனக்கு வராது. எபிமாமே டப்பா ஒன்றிலேயே மாட்டிக்கொண்டேன்.

அன்று நீ எங்கே இருப்பாய்? வாசலில் நிற்பாயா? ஒரு வணக்கமாவது சொல்லுவாயா?

சித்தி ஹாருயே


டோக்கியோ
ஜூன் 8, 1997

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. சித்தப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கடிதத்தை அலுவலகத்துக் கழிப்பறையில் வைத்து வாசித்தேன்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. முன் வரிசைகளில் உட்காருவது வெளியாட்கள் அல்ல, நாங்கள்தான். பங்கு வைத்திருக்கும் ஊழியர்களை விடிந்ததும் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். தலைவர் ஒவ்வொரு தீர்மானமாக வாசிப்பார். நாங்கள் ஒரே குரலில் "ஆட்சேபணை இல்லை" என்று கத்துவோம். யாராவது ஏடாகூடமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் "கூட்டத்தை நடத்துங்க" என்று கத்தி அமுக்குவோம். அரைமணியில் கூட்டம் முடியவேண்டும். கூட்டத்தில் கலாட்டா செய்வோம் என்று மிரட்டிப் பணம் பறிக்க வரும் ரவுடிகளை அடக்குவதற்காக வந்த பழக்கம் என்பார்கள். இப்போது எல்லோருக்கும் அதேதான். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான். நாலைந்து தடவை ஒத்திகைகூட நடக்கும்.

முதல் குரல் கொடுப்பது ஒருவர். மற்றவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த வருஷம் அது நான். ஏரியில் படகிலிருந்து கரைக்குக் கத்தி வளர்ந்த தொண்டை என்று யாரோ மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு ஆளைப் போடும்படி அவரிடம் கேட்டுப்பார்த்தேன். "ஏன்ப்பா, அன்னைக்கு மட்டும் தொண்டை கட்டிக்குமா?" என்று சிரித்தார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அம்மாவை வாசலிலேயே குறித்துவைத்துக்கொள்வார்கள். அதனால் சொல்லவில்லை.

அம்மா எழுந்து நின்றால் நான் கத்தியாகவேண்டும். கத்தினால் இனி எந்த முகத்தோடு அவர்கள் முன் போய் நிற்பேன்? கத்தாவிட்டால் இந்த வேலையில் நான் எங்கே நிற்பேன்? எப்படியாவது வரவிடாமல் செய்யுங்கள் சித்தி. காரணம் மட்டும் சொல்லாதீர்கள்.

ரியோஜி


டோக்கியோ
ஜூன் 14, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இத்தனை நாள் எழுதாதது என் தப்புதான்.

ஜூன் கடைசியில் இங்கே விடாத மழை. உங்கள் முழங்காலோடு அந்தப் படிக்கட்டெல்லாம் ஏறி இறங்க முடியாது. கூட்டமும் பார்க்கும்படியாக இருக்காது, அரைமணியில் முடிந்துவிடும் என்கிறார் இவர். கேள்வியைத் தபாலில் அனுப்பினாலும் பதில் வரும். இலையுதிர்காலத்தில் நிதானமாக வாருங்கள். அப்போது வேறு விதமாக ஏற்பாடு செய்யலாம். என்ன ஏற்பாடு என்று கேட்காதீர்கள்.

இந்த வருஷம் மட்டும் வேண்டாம் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹாருயே


இமாசு
ஜூன் 29, 1997

அன்புள்ள ஹாருயே,

போய்விட்டு வந்துவிட்டேன். முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். உன் வீட்டுக்கு வரவில்லை. முதல் நாள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். வந்திருந்தால் நீ அழுது நிறுத்தியிருப்பாய். கெஞ்சிக் கேட்கிறேன் என்று நீ எழுதிய அன்றே அவன் அங்கே இருப்பான் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

இருந்தான். முன் வரிசையில், நடுவில். திரும்பவே இல்லை. ஆனால் அந்தக் காது அவன் அப்பாவுடையது, பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். பின்மயிரில் நரை தெரிந்தது. கழுத்து இளைத்திருந்தது. நான் பின்னால், ஷாம்பூ மாதிரிகளுக்காக வந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் ஏதோ வாசித்து முடித்ததும் அவன் கத்தினான். "ஆட்சேபணை இல்லை!" உடனே முன் வரிசைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. பக்கத்துப் பெண் பையை நழுவவிட்டாள். எனக்கோ சந்தோஷமாக இருந்தது, ஹாருயே. வெட்கமில்லாமல் சொல்கிறேன். பதினாலு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். என்ன கத்துகிறான் என்பது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இரண்டாம் தீர்மானம், மறுபடி. அதற்குப் பிறகுதான் புரிந்தது. யாரும் எதையும் கேட்காமல் இருப்பதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரு பெரியவர் எழுந்தார். ஈவுத்தொகை ஏன் குறைந்தது என்று ஆரம்பித்தார். பாதி வாக்கியம்கூடப் போகவில்லை. என் பிள்ளை "கூட்டத்தை நடத்துங்க!" என்றான், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் இதுதான் நடக்கும், அவன் வாயாலேயே நடக்கும் என்று தெரிந்தது. நீ ஏன் அப்படிக் கெஞ்சினாய் என்பதும் தெரிந்தது.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். நான் போய்விட்டால் அவனுக்குச் சுலபம். ஆனால் உட்கார்ந்தபடியே திரும்பி வந்தால் என்னை எனக்கே பிடிக்காது. கையைத் தூக்கினேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார்கள். முதலில் நுழைவுச்சீட்டு எண்ணையும் பெயரையும் சொல்லவேண்டும். எண்ணைச் சொன்னேன். "இமாசுவுல இருந்து வர்றேன். நிஷியோரி மசுயோ" என்றேன்.

அந்த முதுகு விறைத்தது.

நான் வாயைத் திறக்காமல் நின்றேன். கத்துவதானால் கத்தட்டும், என் கேள்வி பாதியில் அறுபட்டதாக இருக்கவேண்டாம் என்று. யாரும் கத்தவில்லை. முன் வரிசைகளில் ஒவ்வொரு தலையாக அவன் பக்கம் திரும்பியது. அவன் ஆரம்பிக்காமல் அவர்களால் ஆரம்பிக்க முடியாது. பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்தான். அவன் இடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் மழைச் சத்தம் கேட்டது.

சங்கத்துக் காகிதம் என் கையில் இருந்தது. மனப்பாடமாகவும் இருந்தது. சத்தியமாக அதைத்தான் கேட்க நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"உங்க கம்பெனியில வேல செய்யறவங்க ராத்திரிச் சாப்பாட்ட எத்தன மணிக்குச் சாப்பிடுறாங்க?"

பின்னால் சிரித்தார்கள். தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. "பணி நேரம் சட்டப்படி முறையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பங்குதாரர் அவர்களின் அக்கறைக்கு நன்றி" என்றார். நானும் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அடுத்த தீர்மானத்துக்கு முன் வரிசை தாறுமாறாகக் கத்தியது, சிலர் முன்னால், சிலர் பின்னால். அதில் அவன் குரல் இல்லை.

வெளியே வந்து தேடினேன், காணவில்லை. கொடுத்த பையை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

கிசாயோ ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டாள். "கேட்டீங்களா அக்கா?" "கேட்டேன்." "என்ன சொன்னாங்க?" "எல்லாம் சட்டப்படி நடக்குதாம்." "பாத்தீங்களா, நான் சொல்லல? மழுப்புவாங்க" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். சங்கத்தை நான் ஏமாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியை அடுத்த வருஷம் கட்டாயம் கேட்பேன். கத்தினாலும் கேட்பேன்.

ஆனால் அவனுக்கு என்ன ஆகும்? நான் போனதால்தானே? அவனிடமிருந்து ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா மசுயோ


டோக்கியோ
ஆகஸ்ட் 10, 1997

இமாசு, நிஷியோரி மசுயோ
பங்குதாரர் அவர்களுக்கு,

கடும் வெயிலில் தாங்கள் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜூன் மாத ஆண்டுக் கூட்டத்தில் தாங்கள் கேட்ட கேள்வி தொடர்பாக எழுதுகிறேன். பங்குதாரரின் கேள்விக்குப் பதில் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. அன்று தரப்பட்டது பதில் அல்ல. தலைவருக்கு அந்த விவரம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் நான் எழுதுகிறேன்.

பெரும்பாலான நாட்களில் பத்தரை மணிக்கு. ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே நூடுல்ஸ். கடை மூடிவிட்டால் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது ஹாருயே சித்தி வீட்டில் ஆறு மணிக்கு, உட்கார்ந்து. டிசம்பரில் வந்த பெரிய டப்பாவை யாருக்கும் கொடுக்காமல் நான் ஒருவனே தின்றேன்.

கூட்டம் முடிந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். "தொண்டைக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "அந்தம்மா பேரும் நிஷியோரியாமே?" "எங்க அம்மா சார்." அவர் என் கோப்பை மூடி வைத்தார். பிறகு, "எங்கம்மாவா இருந்தா நான் கத்தியிருப்பேன். அப்புறம் ஊருக்குப் போயிருக்க மாட்டேன்" என்றார். இருந்தும் மாற்றல் வந்துவிட்டது. அக்டோபரிலிருந்து வடக்கே அகிதாவில் உள்ள கிடங்கு. பதவி ஒரு படி இறக்கம். நீங்கள் வந்ததால் என்று நினைக்கவேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தது நான். அங்கே ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்களாம். ஆகவே தங்கள் கேள்விக்கான பதில் அக்டோபர் முதல் மாறும்.

அதற்கு முன் செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது.

இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும். பங்குதாரர் அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?

ரியோஜி


இமாசு
ஆகஸ்ட் 13, 1997

ரியோஜிக்கு,

நான் நலம். நின்றுகொண்டு தின்னாதே.

கேட்டதற்குப் பதில். ஆறரை மணிக்கு. நீ வருகிற அன்று, உன் ரயில் எப்போது வருகிறதோ அப்போது.

அம்மா